பாதி வழியில் இறக்கிவிட்ட போல்ட்

1978 பங்குனி, ஒரு சனிக்கிழமை. காலை 9.15-க்குக் காஞ்சிபுரத்தில் உத்திரமேரூர் பஸ் ஏறினேன். இருபத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் நாற்பது காசு. குடத்துக்குள் பெயர் எழுதிய ஓலைகளைப் போட்டு, எடுத்த ஓலையில் யார் பெயரோ அவரிடம் ஊர்ப் பொறுப்பைக் கொடுத்த பழைய வழக்கத்தைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பதினெட்டு வருடமாகச் சென்னை லேத்துப் பட்டறையில் இரும்புத்தூள் தின்கிறவன் நான். ஒருநாளாவது அதைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

ஓரிக்கை தாண்டியதும், முன் சீட்டு அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு புதுப் போல்ட்டும், தலை மட்டும் மிஞ்சிய பழைய போல்ட்டும். பெயர் கன்னியம்மா, ஊர் மாகறல், கணவர் பட்டாளத்தில்.

“ஆயில் இஞ்சின் போல்ட்டு சார். தலை கையோட வந்துட்ச்சி, மீதி உள்ளயே கீது. இஞ்சினையே வண்டில ஏத்திக்கினு வா, நாலு நாள் ஆவும்ன்றான் பட்டறைக்காரன். நெல்லு பால் புடிக்கிற நேரம். நாலு நாள் தண்ணி இல்லன்னா அத்தினியும் பதருதான்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? “அங்கேயே எடுத்துவிடலாம்” என்றேன். பத்து மணிக்கு மாகறலில் இறங்கி அரை மைல் வரப்பில் நடந்தோம்.

கிணற்றடியில் அவருடைய கொழுந்தன் ஏகாம்பரம் இருந்தார். கிணறும் இஞ்சினும் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒருநாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. முறை மாறும்போதெல்லாம் ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, பலம் கூட்டிப் போல்ட்டை இறுக்குவார்களாம்.

“அண்ணி சரியா இறுக்கி இருக்க மாட்டாங்கன்னு நானும் ஒரு சுத்து வைப்பேன்” என்றார் ஏகாம்பரம்.

“நானும் அதான்” என்றார் கன்னியம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரும்பு எத்தனை நாள்தான் பொறுக்கும்?

சைக்கிள் கடையில் கை டிரில்லும் இரண்டு பிட்டும் இரவல் கிடைத்தன. உடைந்த துண்டின் நடுவில் துளை போட வேண்டும். கொஞ்சம் விலகினாலும் போல்ட் பிடிக்கும் இஞ்சினின் மரை போய்விடும். பிறகு பட்டறைதான் கதி. பதினொன்றரைக்கு முதல் பிட் மழுங்கியது.

“வுட்டுடு சார், பேஜாரு. வண்டி கட்டறேன்” என்றார் ஏகாம்பரம். அவருடைய நெல் போன வாரமே அறுப்பாகிவிட்டது.

“நீ பண்ணு சார்” என்றார் கன்னியம்மா. மண்ணெண்ணெய் புட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார். அதற்குப் பிறகு எழுந்து போக எனக்கு மனம் வருமா?

ஒரு மணிக்குத் துளை விழுந்தது. பழைய அரத்தின் கூரான வால்பக்கத்தை அதில் அடித்து இறக்கி, ஸ்பேனர் கொடுத்து இடப்பக்கம் திருப்பினேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டுத் தட்டி, மறுபடி திருப்பினேன். 2.20-க்கு கிறீச்சென்றது. அரை விரல் நீளத் துண்டு சுழன்று வெளியே வந்தது.

மூன்றேகாலுக்கு இஞ்சின் ஓடியது. கன்னியம்மா வாய்க்காலோடு நடந்துபோய், தண்ணீர் கடைசிப் பாத்தியைத் தொட்ட பிறகுதான் திரும்பினார்.

“இனி ஸ்பேனர் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும்” என்றேன். யார் கையில்? ஏகாம்பரம் பீடிக்கட்டுக் காகிதத்தைக் கிழித்து இரண்டு பெயரையும் எழுதிச் சொம்பில் போட்டார். என்னையே எடுக்கச் சொன்னார். கன்னியம்மா பெயர் வந்தது. ஸ்பேனரை அவரிடம் கொடுத்துவிட்டு, இரும்புக் குழாயை ஏகாம்பரமே கிணற்றுக்குள் போட்டார்.

5.30-க்குக் காஞ்சிபுரம் பஸ். இரவு வீட்டில் மனைவி கேட்டாள், “கல்வெட்டைப் பார்த்தீங்களா?”

“கல்லை மட்டும்தான் பார்க்கவில்லை” என்றேன்.