பக்கத்துக் கட்டில் அம்மா

பேய், காத்து, கறுப்பு என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான், இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் தப்பாக நினைக்கமாட்டேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, நகரி பக்கத்து எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்குக் கல்யாணமான புதிது. மனைவி கன்னியம்மா அரக்கோணத்துக்காரி, தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. அவளுக்கு விடாத காய்ச்சல், பிறகு கண்ணெல்லாம் மஞ்சள். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வயிறு உப்பி, பேச்சு குழறிய பிறகுதான் பயந்துபோய் திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். "வெறும் காமாலை இல்லப்பா, டைபாய்டு. கல்லீரல்ல சீழ் கட்டிக்கினு இருக்குது. இப்டி ஆவுறது அபூர்வம்" என்றார். ஊசி வைத்து இழுத்ததில் பழுப்பாக வந்தது.

"பொழைச்சிக்குவாளா சார்?"

அவர் மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. மரத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம், நல்ல வெயில். பக்கத்துக் கட்டிலில் சந்திரகிரி ஊர்க்கார அம்மா ஒருத்தி, உடம்பு தேறி வீட்டுக்குப் போக இருந்தவள், தலை வாரிக்கொண்டிருந்தாள். கன்னியம்மா கண்ணைத் திறந்து கால்மாட்டைப் பார்த்து, சுத்தமான தெலுங்கில் சொன்னாள்: "நேனு ரானு. பக்கன உன்னாமெனு தீஸ்கபோ."

நான் வரமாட்டேன், பக்கத்தில் இருப்பவளைக் கூட்டிப்போ என்று அர்த்தம். கால்மாட்டில் யாருமே இல்லை. நம்பினால் நம்புங்கள், அந்த அம்மா சீப்பைக் கீழே வைத்தாள். அதே இடத்தைப் பார்த்து, "சரே, பதா" என்றாள். சரி, போகலாம் என்று, சந்தைக்குக் கிளம்புகிறவள் மாதிரி. பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது. டாக்டருக்கே காரணம் பிடிபடவில்லை.

அன்றைக்கே கன்னியம்மாவுக்கு ஜுரம் இறங்க ஆரம்பித்தது. மருந்து வேலை செய்திருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது பஸ் கண்டக்டர் தெலுங்கில் ஏதோ கேட்டதற்கு, "இன்னா சொல்றாரு?" என்று என்னைத்தான் கேட்டாள். நடந்ததை இதுவரை அவளிடம் நான் சொன்னதே இல்லை. அந்த அம்மா நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டதாகத்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆனால் வருஷா வருஷம் புரட்டாசி அமாவாசையில் செத்தவர்களுக்குப் போடும் படையலில் ஒரு இலை கூடுதலாகப் போடுகிறாள். யாருக்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"எனுக்குப் பதிலா போனாங்கோ இல்ல, அவுங்களுக்கு" என்றாள், சோறு போட்டுக்கொண்டே.