எண்ணெய் பிரியாத சாஸ்

"கிள்ளானுக்கே கறித்தூள் கொண்டு வந்தவனை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் என் கணவர்.

அக்கா மகள் கட்டிக்கொண்ட ஜெர்மன்காரப் பையனுக்கு அவர் சொன்னது புரியவில்லை. இருந்தாலும் சிரித்தான். பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த ஒரு சின்ன டின்னை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். பெரியவர்களுக்கு அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று அவள் சொல்லிக் கூட்டி வந்திருப்பாள். மூடியைத் திறந்தால் உள்ளே கடலை மாவு மாதிரி வெளிர் மஞ்சளில் ஒரு தூள்.

"சித்தப்பா, கிண்டல் பண்ணாதீங்க லா. அவங்க ஊரு சாசேஜுக்கு இந்தத் தூள்தான் போடணும். நம்ம மட்டன் மசாலாவைப் போட்டா அவரு அழுதுடுவாரு."

"அழட்டுமே. கல்யாணம் கட்டினவன் என்னைக்காவது அழத்தானே வேணும்."

நான் சிரித்தேன். சிரிப்பதில் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. பையன் டின்னைக் காட்டி, மோந்து பாருங்கள் என்று சைகை செய்தான். குனிந்து மோந்தேன். "நல்ல வாசனை" என்றேன்.

எந்த வாசனையும் இல்லை. டின்னின் விளிம்பு மூக்கில் சில்லென்று பட்டது, அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வருடம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டர், வரும் என்றார். சிலருக்கு வர நாளாகும் என்றார். சிலருக்கு வராது என்று அவர் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன். சோறு சூடாக இருந்தது, மோர் குளிர்ச்சியாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. மற்ற யாராவது என்றால் பரவாயில்லை. நான் வீட்டிலேயே ஆர்டர் எடுத்துச் சமைப்பவள். வளைகாப்பு, புதுமனை, பிறந்தநாள் என்று கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புச் சுற்று வட்டாரத்தில் என் கை படாத விசேஷம் குறைவு.

இது தெரிந்தவர் என் கணவர் மட்டும்தான். அவர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ரோட்டோரக் கடைகளில் சாப்பிட்ட நாக்கு. அதைத்தான் கடன் வாங்கிச் சமைத்தேன். ஆனால் அந்த நாக்குக்கு நல்லா இருக்கு என்ற ஒரு வார்த்தைதான் தெரியும். உப்பு தூக்கலாக இருந்தால் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுத் துண்டால் வாயைத் துடைப்பார். குறைவாக இருந்தால் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்பார். துண்டைப் பார்த்துத்தான் நான் உப்புப் போட்டேன்.

மற்றபடி ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக்கொள்வேன். சாப்பாட்டைப் பற்றி நம் ஆட்கள் பேசுவது இருக்கிறதே, அதைக் கேட்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும். ரசம் நெஞ்சைத் தடவி விடுது என்பாள் ஒருத்தி. உங்க கோழிக்கறி வாசலுக்கு வந்து எங்களைக் கூட்டிட்டுப் போச்சுக்கா என்பான் ஒருவன். முன்பெல்லாம் அதைக் கேட்டு மகிழ்ந்தேன். இப்போது அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தைப்பூசம் நெருங்கியதும் விரதம் என்று சொல்லிவிட்டேன். அது பெரிய வசதியாக இருந்தது. ஒரு வேளைச் சாப்பாடு, சைவம், ஆகவே அடுப்பில் இருக்கும்போது ருசி பார்க்க மாட்டேன். கேட்டவர்கள் எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். விரதம் பொய் இல்லை. பால்குடம் எடுக்கத்தான் போகிறேன். எதற்காக என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பத்துமலைப் படியில் குடத்தோடு ஏறினேன். மேலே போய்ப் பாலை ஊற்றினார்கள். திருநீறு கொடுத்தார்கள். கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மண் போலக்கூட இல்லை. கீழே வந்ததும் கணவர் என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையை அசைத்தேன். "சரி, வா, வெயில் ஏறுது" என்றார். எனக்கு வருத்தமாகக்கூட இருக்கவில்லை. கால் வலித்தது.

அக்கா மகளும் அவள் புருஷனும் வந்து சேர்ந்தது அந்த வாரம்தான். ஜெர்மனியிலேயே பதிவுத் திருமணம் முடித்துவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் விருந்து. சமையல் முழுக்க நான்தான் என்று அவள் அங்கிருக்கும்போதே போனில் முடிவு செய்துவிட்டாள். அவளுடைய அம்மா, என் அக்கா, சுங்கை பூலோவில் இருக்கிறாள். இருந்தாலும் இவள் எங்கள் வீட்டில்தான் தங்கினாள். சின்ன வயதிலிருந்து என் சமையலுக்கு வளர்ந்தவள்.

"எல்லாம் நம்ம அயிட்டம்தான் சித்தி. ஒண்ணே ஒண்ணு மட்டும் அவருக்காக. அவங்க ஊர்ல ரோட்டோரத்துல விப்பாங்க. சாசேஜைப் பொரிச்சு, துண்டு போட்டு, மேல கறித்தூள் போட்ட தக்காளி சாஸை ஊத்துவாங்க. குளிர்ல நடுங்கிக்கிட்டே நின்னு, சின்ன மரக்கரண்டியால குத்திக் குத்திச் சாப்பிடுவோம். நாங்க முதல்ல பேசிக்கிட்டதே அந்தக் கடை முன்னாலதான்."

"முதல்ல வீட்டுல செஞ்சு பார்ப்போம்" என்றேன்.

"இடும்பன் பூசை முடியட்டும். அப்பதான் விரதம் விட்டு நீங்களும் ருசி பார்க்க முடியும்."

அதை நான் யோசித்திருக்கவில்லை. விரதம் முடியும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? ஆனாலும் யோசித்திருக்கவில்லை.

இடும்பன் பூசை முடிந்த மறுநாள் இருவரும் காலையிலேயே லிட்டில் இந்தியா பார்க்கக் கிளம்பினார்கள். போவதற்கு முன் அவள் செய்முறையைச் சொன்னாள். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து வதக்கணும், தக்காளி சாஸ், கொஞ்சம் வினிகர், கொஞ்சம் சீனி, இந்தத் தூள். கொதி வந்ததும் இறக்கணும். மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் ஆகாது. பன்றிக்கு நான் சட்டி கொடுக்க மாட்டேன். ஆகவே உறைய வைத்த கறி விற்கிற கடையில் தடிமனான கோழி சாசேஜ் வாங்கி வைத்திருந்தோம். மாப்பிள்ளை அதைப் பார்த்து ஓகே என்றான். அவன் எல்லாவற்றுக்கும் ஓகேதான்.

அடுப்பைப் பற்றவைத்த பிறகு ரொட்டி இல்லை என்று ஞாபகம் வந்து கணவரைக் கடைக்கு அனுப்பினேன். துண்டும் அவர் தோளிலேயே போய்விட்டது.

சாம்பாரோ பிரட்டலோ என்றால் என் கைக்கே அளவு தெரியும். இந்தச் சாஸைக் கை அறியாது. வெங்காயம் கண்ணாடி போல ஆனது, தெரிந்தது. தூளைப் போட்டேன். பச்சை வாசனை போகணும். போனதா என்று எனக்கு எப்படித் தெரியும்? தக்காளி சாஸை ஊற்றினேன். வழக்கமாகத் தக்காளித் தொக்குக்குப் போடுகிற உப்பைக் கை தானாகவே போட்டது. போத்தல் சாஸில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது என்று சொல்ல நாக்கு இல்லை. கொதி வந்தது. இறக்கணும் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். ஆனால் கொதி வந்ததும் இறக்குவதை நான் எந்தக் குழம்பிலும் நம்பியதில்லை. எனக்கு மிச்சமிருந்த ஒரே அடையாளம் கண்ணால் பார்ப்பது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வர வேண்டும். வந்தால் வெந்தது.

எண்ணெய் பிரியவில்லை. தீயைக் குறைத்து நின்றேன். கிளறினேன். நின்றேன். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டேன். சிவப்பு மங்கி, மாநிறமாகி, கடைசியில் அச்சாறு நிறத்துக்கு வந்தது. கரண்டியை நட்டால் விழாமல் நின்றது. அப்போதுதான் ஓரத்தில் மெலிசாக ஒரு எண்ணெய்க் கோடு தெரிந்தது. நிம்மதியாக அடுப்பை அணைத்தேன்.

சாசேஜைப் பொரித்து வட்ட வட்டமாக நறுக்கி, மேலே அந்தச் சாஸை எடுத்து வைத்தேன். ஊற்ற முடியவில்லை, வைக்கத்தான் முடிந்தது. அதன் மேல் பையனுடைய தூளைத் தூவினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கடைக்குப் போனவரும் ஊர் சுற்றப் போனவர்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை முதல் துண்டை வாயில் போட்டான். மென்றான். தண்ணீர் குடித்தான். இரண்டாவது துண்டை எடுத்தான். என் கணவர் ஒன்றை மென்றுவிட்டுத் தோள் துண்டால் வாயைத் துடைத்தார், பிறகு கழுத்தைத் துடைத்தார், பிறகு கண்ணை. நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும். ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை.

அக்கா மகள் சாப்பிட்டாள். பிறகு ஒரு துண்டைக் குத்தி என் வாயருகே கொண்டுவந்தாள்.

"விரதம்தான் முடிஞ்சிருச்சுல்ல சித்தி. வாயைத் திறங்க."

திறந்தேன். சூடாக இருந்தது. தோல் பல்லில் நறுக்கென்றது. மென்று விழுங்கினேன்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லாதான் இருக்கு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அவள் ஆறாத குழம்பை எடுத்து நக்கி என்னிடம் கரண்டியால் அடி வாங்கியவள். சாம்பாரில் பெருங்காயம் கொஞ்சம் கூடினால் என் புருவம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

"சித்தி, இது கசக்குது. உப்பு வாயில வைக்க முடியல."

நான் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பலேர்ந்து?"

"போன வருஷம் காய்ச்சல் வந்துச்சுல்ல."

"அப்போ அந்த வளைகாப்பு, அந்தப் புதுமனை, அதெல்லாம்?"

"கைதான் சமைச்சுச்சு."

"பால்குடம்?"

"அதுக்குத்தான் மா" என்றார் என் கணவர். எனக்குப் பதிலாக அவர் சொன்னது நல்லதாகப் போயிற்று.

அவள் புருஷனிடம் திரும்பி அவர்கள் பாஷையில் நீளமாகப் பேசினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது நமக்கு மேலே டாக்டரும் நர்சும் பேசிக்கொள்வார்களே, அதுபோலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது. வெட்கம் வரவில்லை. மாப்பிள்ளை காலியான தன் தட்டைக் காட்டி ஏதோ சொன்னான். அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எனக்குச் சொன்னாள்.

"கிள்ளான் ஸ்டைல் இப்படித்தான் இருக்கும்னு நினைச்சாராம்."

"அட பாவி" என்றார் என் கணவர். "மாப்பிள்ளை, நீ நல்லவன் பா. உன்னை எங்க வீட்டுல வச்சிருக்கவே கூடாது, ஏமாத்திடுவாங்க."

சிரித்து முடித்த பிறகு நான் சொன்னேன். "விருந்துக்கு வேற ஆளப் பாரு மா."

"நான் கூடவே நின்னு ருசி பார்க்கிறேன் சித்தி."

"கல்யாணப் பொண்ணு, கையில கரண்டியோட மண்டபத்துல நிக்கப் போறியா?"

"சித்தப்பா பார்ப்பாரு."

அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு நம் ஜனங்களைத் தெரியும். சாம்பார் தவறிப்போனால் என்னிடம் சொல்ல மாட்டார்கள். அவளைப் பற்றித்தான் சொல்வார்கள். அவளுடைய வளைகாப்பிலும் சொல்வார்கள், அவள் பிள்ளையின் கல்யாணத்திலும் சொல்வார்கள். அந்தப் பேச்சை என் கை உண்டாக்க வேண்டாம். இதையெல்லாம் விளக்காமல், வேணாம் மா என்று மட்டும் சொன்னேன். அவள் கொஞ்சம் கேட்டுப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனோ என்னவோ. பிரிக்பீல்ட்ஸில் அவளுக்குத் தெரிந்த ஒரு சமையல்காரர் இருந்தார். சாயங்காலமே பேசி முடித்துவிட்டாள்.

"சாஸ் மட்டும் நீங்கதான்" என்றாள். "அது எப்படி இருக்கணும்னு சொந்தக்காரங்க யாருக்கும் தெரியாது."

மறுபடியும் செய்தோம். இந்தத் தடவை கணவரை அடுப்பருகே நிறுத்தினேன்.

"நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. வாய்க்குள்ள என்னா நடக்குதுன்னு சொல்லுங்க."

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். கரண்டியை நக்கிவிட்டு மேலே பார்த்தார். "முதல்ல தக்காளி வந்து உக்காருது. அப்புறம் புளிப்பு எட்டிப் பார்த்துட்டுப் போயிடுது. இந்தப் பையன் தூளு இருக்கே, அது வாசல்லயே நிக்குது. உள்ள வர மாட்டேங்குது."

"இன்னும் கொஞ்சம் போடட்டா?"

"போடு. கூச்சப்படுது."

கொதி வந்ததும் இறக்கினேன். எண்ணெய் பிரியவில்லை. இறக்கிய பிறகும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விருந்தன்று நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். மண்டபத்துக்கு முன்வாசல் வழியாக நுழைந்தது எனக்கே புதிதாக இருந்தது. வரிசையின் கடைசியில், பாயசத்துக்குப் பக்கத்தில், சாசேஜ் தட்டும் என் சாஸ் பாத்திரமும். நான் அங்கே நின்று ஊற்றினேன். வருகிறவர்களிடமெல்லாம் எப்படி இருக்கு என்று கேட்டேன். சமைக்கிறவள் அப்படிக் கேட்க மாட்டாள், கேட்டால் மரியாதை இல்லை. எனக்கு அன்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

"தக்காளிச் சட்னி சீமைக்குப் போய் நல்லது கெட்டது பார்த்துட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார் ஓர் ஆன்டி.

"பீருக்கு நல்லா இருக்கும். பீர் எங்கன்னு சொல்லு" என்றார் கேரித் தீவிலிருந்து வந்த பெரியவர்.

"இதையா அங்க சாப்பிடுறாங்க? பாவம்" என்றாள் என் அக்கா. ஆனால் இரண்டாவது முறையும் வந்தாள்.

மாப்பிள்ளை வேட்டி தடுக்கத் தடுக்க வந்து நின்றான். ஊரிலிருந்து கொண்டு வந்த மரக்கரண்டியால் ஒரு துண்டைக் குத்திச் சாப்பிட்டான். அவனிடமும் கேட்டேன். அக்கா மகள் கற்றுக்கொடுத்திருந்த கொஞ்சம் தமிழில் வார்த்தை தேடினான்.

"கிட்ட" என்றான். "கிட்ட ஆன்டி."

அவன் ஊர் ருசிக்குக் கிட்ட வந்துவிட்டதாம். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நல்லா இருக்கு என்பதைவிட அதில் விவரம் அதிகம்.

திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். கணவர் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன்."

"அந்த சாசேஜ்?"

"ரெண்டு துண்டு."

அவர் மேலே கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"சூடா இருந்துச்சு."