தெத்துப்பல் அம்மன்

கோலத்தில் ஆளை வரையலாம் என்று என் அத்தைக்கு யார் சொன்னார்களோ தெரியாது. எங்கள் தெருவில் மற்ற பெண்கள் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துப் புள்ளி வைத்தார்கள். தாமரை, மயில், பொங்கல் பானை. அத்தை ஒருநாள் பண்ருட்டி பஸ்ஸில் பலாப்பழம் ஏற்றுகிறவரைப் போட்டாள். இன்னொரு நாள், வாய் திறந்து தூங்கும் என் அப்பாவைப் போட்டாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா வாசலில் அப்படியே நின்று அத்தையைக் கூப்பிட்டார்.

"ஏ பாப்பா, என் மூஞ்ச நானே மிதிச்சிகினு உள்ள வரணுமா?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றி வந்தார்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தாள். ஓவிய டீச்சர் பயிற்சி முடித்திருந்தாள். ஒரு தனியார் பள்ளியில் பொங்கல் கழித்து வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் அப்போது நான்காம் வகுப்பு. அவளுக்குப் பொடி நுணுக்கிக் கொடுப்பது நான்தான்.

கடையில் விற்கும் கலர்ப்பொடியில் மனுஷ முகத்துக்கு நிறம் கிடையாது. ரோஸ் உண்டு. ரோஸ் நிறத்தில் எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்? அதனால் லாரியிலிருந்து ரோட்டோரம் விழுந்து கிடக்கும் நிலக்கரிக் கட்டிகளைப் பொறுக்கி வந்து, காயவைத்து, நுணுக்கி, செங்கல் பொடியோடு கலப்போம். அச்சு அசல் எங்கள் தோல் நிறம் வரும்.

மார்கழிக் கடைசி ஞாயிறு எங்கள் தெருவில் கோலப்போட்டி. அந்த வருஷம் அத்தை அம்மன் போட்டாள். கையில் சூலம், கழுத்தில் எலுமிச்சை மாலை, காலடியில் சிங்கம், எல்லாம் முறையாக. முகம் மட்டும் எங்கள் தெருவைக் கூட்டும் அக்காவின் முகம். மந்தாரக்குப்பத்திலிருந்து வரும் காண்ட்ராக்ட் அக்கா. அகல மூக்கு, சிவப்புக்கல் மூக்குத்தி, சிரித்தால் தெரியும் தெத்துப்பல். அத்தை அவரோடு தினம் வாசலில் நின்று கதை பேசுவாள். என் அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருந்தாள். எங்கள் வீட்டையும் நான் ஒன்றும் உயர்த்திச் சொல்லப் போவதில்லை.

அக்காவுக்கு ஞாயிறு லீவு. தன் முகத்தை வரைகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

"இப்பதான்டி நம்மூரு அம்மனாட்டம் கீறா" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள் அத்தை. அம்மன் தெத்துப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மடியில் உட்காரலாம் போல இருந்தது.

மார்க் போட வந்த டீச்சரும் முதலில் "அடடா, உயிரா இருக்கு" என்றார். பின்னால் நின்ற ஒரு அம்மா குனிந்து பார்த்தார்.

"இது அந்த ரோடு கூட்டுறவ இல்ல?"

டீச்சர் பேனாவை மூடிவிட்டார்.

அப்புறம் யார் யாரோ வந்தார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். சாமி முகத்தில் கரியைப் பூசிவிட்டாள் என்று அந்தப் படம் ஒவ்வொரு செல்போனாகப் போனது. மத்தியானத்துக்குள் எங்கள் தெருவையே பார்த்திராத ஆட்கள் பைக்கில் வந்து இறங்கி வாசலில் நின்று கத்தினார்கள். அவர்களில் எவனாவது ஒருநாள் அம்மன் கோயிலில் விளக்குத் துடைத்திருப்பானா என்று இன்றைக்கென்றால் கேட்பேன். அன்றைக்கு அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லிகினே இருந்தேன், பூவப் போடு, பூவப் போடுன்னு" என்று அம்மா அழுதாள்.

அத்தை அழவில்லை. "நான் என்னா தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. அழிச்சிடறேன்" என்றாள்.

"கரியப் பூசிட்டு பேச்சப் பாரு."

"அது கரி பூசனதில்லீங்க, நெறம். உங்க கைய பக்கத்துல வெச்சிப் பாருங்க, ஒரே நெறந்தான்."

"அந்த மூஞ்சி யாரு மூஞ்சி?"

"அந்த மூஞ்சிக்கி என்னாங்க கொற?"

ஒரு பெரியவர், "எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லணுமாம்மா?" என்றார். சொல்ல முடியாது அவர்களால். சொன்னால் அசிங்கம் என்பது அவர்களுக்கே தெரியும். அதனால்தான் இன்னும் சத்தமாகக் கத்தினார்கள். அவள் தன் கையாலேயே அழித்து மன்னிப்புக் கேட்கவேண்டும், இல்லையென்றால் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாலும் அங்கே வருவோம் என்றார்கள்.

முதல் ஷிப்ட் முடிந்து அப்பா வந்தார். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே கீழே போட்டார். சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டே அந்த ஆட்களைப் பார்த்துக் கும்பிட்டார். தூக்கு அவர் மார்பில் இடித்துக்கொண்டு ஆடியது. அத்தை அதைப் பார்த்தாள். அதுவரை இருந்த முகம் அதற்கப்புறம் அவளுக்கு இல்லை.

"வுடுண்ணே. கும்புடாத. நான் அழிச்சிடறேன்."

தண்ணீர் ஊற்றவில்லை. மண்டி போட்டு உள்ளங்கையால் தேய்த்தாள். சிங்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அப்பாவும் தூக்கை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தார். நானும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். எனக்கு அது விளையாட்டு. மஞ்சளும் சிவப்பும் கலந்து முழங்கைவரை ஏறியது. நான் அத்தையின் கன்னத்தில் கையைப் பதித்தேன். அவள் சிரித்தாள், என்னை இழுத்து என் மூக்கில் பூசினாள். முகத்துக்கு வந்தபோது மட்டும், "இது வேணாம்டி, அத்தை பாத்துக்கறேன்" என்று என்னைத் தள்ளி உட்காரவைத்தாள். மெதுவாக, காய்ச்சல்காரருக்கு முகம் துடைப்பதுபோல் தேய்த்தாள். அவள் மன்னிப்புக் கேட்டதையும் செல்போனில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பள்ளிக்கூட வேலை அவளுக்குக் கிடைத்தது. மாம்பழமும், தேசியக்கொடியும், இரண்டு மலைக்கு நடுவில் சூரியனும் சொல்லிக்கொடுத்தாள். நல்ல டீச்சர் என்றார்கள்.

கோலத்தை அழித்த மறுநாள் காலை நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கூட்டிக்கொண்டே வந்தார். எங்கள் வாசலில் ரோடு முழுக்கச் சாயம் இழுவியிருந்தது.

"என்னா பாப்பா, போட்டி எப்பிடி? உங்கத்தைக்குதான பிரைசு?"

"இல்லக்கா, உங்கள..." என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து வந்த அத்தை என் வாயைப் பொத்தினாள்.

"பூக்கோலந்தான்கா போட்டேன். சரியா வரல. நானே அழிச்சிட்டேன்."

"அட போ, நீ போட்டு சரியா வராம போயிடுமா?" என்று அக்கா தெத்துப்பல் தெரியச் சிரித்தார்.

அத்தை அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அடுத்த வீட்டு வாசலைத் தாண்டும்வரை என் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. பிரைஸ் கிடைக்காததைச் சொல்ல அவளுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். இதற்குப் போய் அக்காவிடம் பொய் சொல்கிறாளே என்று அன்றைக்குப் பூராவும் நான் அவளோடு பேசவில்லை.