பத்து செகண்டில் கண்மாயைத் தாண்டிய மேகம்

"நீங்க ஃப்ளைட்ல போயிருக்கீங்களா?" என்று கேட்டார் சென்னை ஸ்டுடியோ சூப்பர்வைசர். வீடியோ காலில் எட்டுப் பேர் நான் அனுப்பிய ஷாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னமராவதியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் மேகம் செய்துகொடுப்பவள் நான். விமானம் ஏறியதில்லை.

"இல்ல சார்."

"அதான். மேகம் நகரவே மாட்டேங்குது. ஸ்பீட் ஏத்துங்க, டீடெயில் ஏத்துங்க. நாளைக்குச் சாயங்காலம் சரியா வரலைன்னா ஷாட்டை வேற ஆளுக்கு மாத்திடுவேன்."

பத்து செகண்ட் ஷாட் அது. மேகங்களுக்கு மேலே ஒரு விமானம் பறக்கும். கீழே பெரிய கண்மாய் தெரியும். பயந்துபோய் அவர் சொன்னபடியே செய்தேன். மேகத்தின் நிழல் பத்து செகண்டில் கண்மாயைத் தாண்டி ஓடியது. கண்மாய் குட்டையாகிவிட்டது. மேகம் பிய்த்துப் போட்ட பஞ்சு, விமானம் திருவிழாக் கடைப் பொம்மை. எனக்கே அசிங்கமாக இருந்தது. அனுப்ப மனம் வரவில்லை.

மறுநாள் காலை ஸ்கூட்டியில் எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் போனேன். வண்டி மீட்டர்படி கரையின் நீளம் ஒரு கிலோமீட்டர். ஃபோனில் ஸ்டாப்வாட்ச் போட்டுக்கொண்டு நின்றேன். ஆடு மேய்த்த அக்கா சும்மா விடவில்லை.

"என்னத்தா, யாருக்குக் காத்துக்கிட்டு நிக்கிறே?"

"மேகத்து நெழலுக்கு அக்கா. அங்கிட்டிருந்து வருது பாருங்க."

"நல்ல வேல பாக்குற போ!"

நிழல் கரையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. அப்படியானால் பத்து செகண்டில் கரையில் பத்தில் ஒரு பங்குகூட நகரக் கூடாது. வீட்டுக்கு வந்து வேகத்தைக் குறைத்தேன். தூரத்து மேகங்கள் தள்ளித் தெரிய அவற்றில் கறுப்பைக் குறைத்து, வானத்தின் நீலத்தை ஏற்றினேன். டீடெயிலைப் பக்கத்து மேகத்தில் மட்டும் விட்டுவைத்தேன். ஷாட் போனால் போகட்டும் என்று அதையே அனுப்பினேன்.

சாயங்காலம் ரிவ்யூவில் டைரக்டரும் இருந்தார். இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"யப்பா, எவ்ளோ ஒசரம்!"

"நான்தான் சார் ஸ்லோ பண்ணச் சொன்னேன்" என்றார் சூப்பர்வைசர்.

மியூட்டை எடுத்தேன். "இல்ல சார். நீங்க ஏத்தச் சொன்னீங்க. கொறச்சது நான்."

அடுத்த படத்துக்குச் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிடவில்லை. வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அளவு தெரிந்த ஒன்றை வைத்து மேகத்தை அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் யார் மிரட்டினாலும் மாற்றாதீர்கள். அதை இன்னொருவர் தன்னுடையது என்று சொன்னால், அந்த இடத்திலேயே வாயைத் திறங்கள்.