ரெட்டை இழை ஃப்யூஸ் கம்பி

எழுபதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம் நடந்தது இது. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வயது இருபத்தேழு. ஊரில் எந்த வீட்டு ரேடியோ வாயை மூடினாலும் என்னிடம்தான் வரும். திருவிழா என்றால் மைக் செட்டும் என்னுடையதுதான். கைராசிக்காரன் என்று நாலு பேர் சொல்லப்போக, தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

மெட்ராஸில் தொழிற்பயிற்சி படித்தபோது எனக்கு ஒரு நண்பன் இருந்தான். காசிமேட்டுக்காரன். படிப்பு முடிந்ததும் அவன் விசைப்படகு ஓட்டப் போய்விட்டான். அந்தப் படகின் முதலாளி, பழைய கப்பல் சாமான் விற்கும் இடத்திலிருந்து இரண்டு கருவிகள் வாங்கி வந்திருந்தார். ஒன்று கடலின் ஆழத்தைக் காட்டுவது. இன்னொன்று வயர்லெஸ். அதில் கரையோடு பேசலாம், புயல் எச்சரிக்கையும் கேட்கலாம். இரண்டையும் ஒரே பேட்டரியில் ஓட்டுகிற மாதிரி ஓர் இணைப்புப் பெட்டி செய்து தரச் சொல்லி, நண்பன் கருவிகளைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தான்.

இரண்டும் இரண்டு தேசத்துச் சரக்கு. ஒன்றின் பிளக்கில் ஐந்து பின், மற்றதில் மூன்று. திருகாணிகூட ஒன்றுக்கொன்று சேராது. படகுக் கருவிகளை இப்படித்தான் இணைக்க வேண்டும் என்று அப்போது எங்களுக்குத் தெரிந்து ஒரு பொது விதி கிடையாது. அவரவர் கம்பெனி, அவரவர் இஷ்டம். விவரக் குறிப்பு என்று ஒரு காகிதம்கூட அவற்றோடு வரவில்லை.

நான் நெசவு வீட்டுப் பிள்ளை. தறியில் பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிணைக்க வேண்டும். அந்த வேலையில் எங்கள் அம்மா கெட்டிக்காரி. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. வரிசை மாறாமல் பிணைத்துவிட்டால் போதும், மற்றதைத் தறி பார்த்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து செய்த பழக்கம், கையில் ஊறிவிட்டது. கருவிகளின் கம்பிகளையும் அப்படியே பிணைத்தேன். கடையின் மர மேஜைமேல் வைத்து நாலு நாள் ஓட்டிப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது. ஸ்டியரிங் பக்கத்தில் இரும்புத் தகடு ஒன்று அடித்து, இரண்டையும் அதில் இறுக்கி முடுக்கிவிடு என்று சொல்லி அனுப்பினேன். படகை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுவரை நான் படகில் கால் வைத்ததே கிடையாது, அது வேறு கதை.

முதல் இரண்டு தடவை கடலுக்குப் போய் வந்து நண்பன் ஒரே புகழ்ச்சி. அதற்கு முன்னால் கடலுக்குக் கொண்டுபோகும் டிரான்சிஸ்டரை, என் பெட்டி இருக்கும்போது இது எதற்கு என்று மனைவியிடமே விட்டுவிட்டானாம். அந்த டிரான்சிஸ்டரும் நான் ரிப்பேர் பார்த்துக் கொடுத்ததுதான்.

பிறகு கருட சேவை வந்தது. அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் கூட்டம் எப்படி நெரியும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலு இடத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளின் பெயரை ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்ப்ளிஃபயர் சூடேறி என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் வந்து நின்றான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"பொட்டில ஃப்யூஸ் ரெண்டு தபா போயிடுச்சுடா. கரையில நிக்க சொல்ல நல்லாத்தான் கீது. இஞ்சின் ஓட்னா பூடுது. ஒரு தபா வந்து பாத்துட்டுப் போயேன்" என்றான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் இருக்கிற இருப்பு இவன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று நினைத்தேன். அவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சொன்னேன்.

"இன்னிக்குப் போயி கூப்புட்றியே. ஃப்யூஸ் கம்பிய ரெட்டையா முறுக்கிப் போடுப்பா, நிக்கும்."

"நீ சொன்னா சரி" என்றான். சாமி வருகிறது, பார்த்துவிட்டுப் போ என்றேன். விடிகாலையில் கடலுக்குக் கிளம்ப வேண்டும், பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனான். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பிவிட்டேன்.

ஃப்யூஸ் எதற்கு இருக்கிறது? உள்ளே எங்கேயோ தப்பு நடக்கிறது என்று கத்துவதற்கு. அதன் வாயில் துணியை அடைக்கச் சொல்லி அனுப்பினேன் நான். பத்து வருஷ ரேடியோ வேலை செய்தவன் அப்படிச் சொல்லலாமா? புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

மூன்றாம் நாள் காஞ்சிபுரத்திலேயே காற்றும் மழையும் தாங்கவில்லை. கடையில் ரேடியோவில் புயல் எச்சரிக்கை கேட்டேன். அவனுக்கென்ன, நம்ம பெட்டி இருக்கிறது, இந்நேரம் கரைக்கு வந்திருப்பான் என்று டீ குடித்துக்கொண்டே நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் பேப்பரில் சில படகுகள் திரும்பவில்லை என்று போட்டிருந்தது. கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

காசிமேட்டுக் கரையில் அவன் மனைவி மணலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த டிரான்சிஸ்டர். எச்சரிக்கையை முதலில் கேட்டது அவள்தானாம். அதைக் கேட்டதும் கரைக்கு ஓடிவந்திருக்கிறாள். டிரான்சிஸ்டர் வைத்திருந்த படகுகள் எல்லாம் எச்சரிக்கை வந்த அன்று சாயந்திரமே திரும்பிவிட்டன. அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த நாள் மதியம், வேறொரு படகு அவன் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அதில் போன நாலு பேரில் மூன்று பேர் இருந்தார்கள். பெரிய அலை ஒன்று ஸ்டியரிங் பிடித்திருந்த என் நண்பனை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். அவன் உடம்புகூடக் கிடைக்கவில்லை. கிளம்பிய அன்றே பெட்டியிலிருந்து புகை வந்து இரண்டு கருவியும் செத்துவிட்டன, கடைசிவரை ஒரு எச்சரிக்கையும் காதில் விழவில்லை என்று ஒருவர் சொன்னார்.

நான் படகில் ஏறிப் பார்த்தேன். முதல் தடவையாகப் படகில் கால் வைத்தது அன்றைக்குத்தான். கம்பிகள் கருகிக் கிடந்தன. கருவிகளைத் தகட்டிலிருந்து கழற்றித் திருப்பியதும் புரிந்துவிட்டது. ஒரு கருவியில் பேட்டரியின் பிளஸ் கம்பியைக் கம்பெனியிலேயே வெளிக்கூட்டோடு சேர்த்திருந்தார்கள். மற்றதில் மைனஸை. மர மேஜைமேல் தள்ளித் தள்ளி இருந்தவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரே இரும்புத் தகட்டில் முடுக்கியபோதும், கூட்டின்மேல் இருந்த பெயிண்ட் கொஞ்ச நாள் காப்பாற்றியது. இஞ்சின் அதிர அதிர, திருகாணி பக்கம் பெயிண்ட் தேய்ந்து பிளஸும் மைனஸும் நேராகத் தொட்டுக்கொண்டன. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, எல்லாம் சரியாகத்தான் பிணைத்திருந்தேன். கூடு எதோடு சேர்ந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. ஃப்யூஸ் இருந்த இடத்தில் கம்பி ரெட்டையாக முறுக்கியிருந்தது. எவ்வளவு ஒழுங்காக முறுக்கியிருந்தான்! நான் சொன்னதை அப்படியே செய்திருந்தான்.

இறங்கி வந்தபோது அவன் மனைவி என்னைப் பார்த்துக் கேட்டாள். "பொட்டில எதுனா கோளாறாண்ணே?"

"உப்புத் தண்ணி பூந்திருக்கும்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அதை நம்பினாள். உங்க சிநேகிதர் நீங்க பண்ணது கெட்டே போகாதுன்னு சொல்லிக்கினே இருப்பாருண்ணே என்றும் சொன்னாள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா என்று இருந்தது. அதற்குப் பிறகு அவளைப் பார்க்கப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நாலு வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். உண்மையைச் சொல்ல இனி ஆள் இல்லை.

சமீபத்தில் ஒரு புதுப் படகைப் பார்க்க வாய்த்தது. இப்போதெல்லாம் எந்தக் கம்பெனிக் கருவியானாலும் ஒரே மாதிரி கேபிள், ஒரே மாதிரி பிளக். எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. எல்லாரும் உட்கார்ந்து பொது விதி எழுதிவிட்டார்களாம். அங்கே இருந்த கையேட்டைப் புரட்டினேன். கருவியின் கூட்டை மின்சாரக் கம்பி எதோடும் சேர்க்கக் கூடாது என்று முதல் பக்கங்களிலேயே ஒரு வரி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

அன்றைக்கு இந்த வரி யாராவது எழுதியிருந்தால் அவன் இருந்திருப்பான் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. புத்தகம் இல்லாவிட்டால் என்ன, ஐம்பது மைல் பஸ் ஏறி, அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து வந்து, ஒரு தபா வந்து பாரு என்று அவனே என்னிடம் சொன்னானே.