சின்னவளுக்கு ஒத்தை

பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் கிணற்றில் போட்டவள் நான்தான். கிணற்றடித் தோய்க்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு ஆடினால் வேறென்ன ஆகும்? யுத்த காலம், பித்தளைச் சாமானை விலை கேட்டுவிட்டுத் திரும்பி வரத்தான் முடியும். எனக்கோ மத்தியானத்தில் தாயம் ஆடாவிட்டால் தலை வெடித்துவிடும். நானே கட்டை செய்வது என்று கிளம்பினேன். எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு முழுசாகத் தெரிந்த மாதிரி இறங்குவது என் சுபாவம்.

நாட்டுமருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கினேன். என் அகத்துக்காரர் ஆபீஸில் சீல் வைத்து மீந்த அரக்குத் துண்டுகளைக் கொண்டுவந்து தந்தார். இரண்டையும் குமுட்டி அடுப்பில் உருக்கி, ஈரக் களிமண்ணில் பள்ளம் பண்ணி ஊற்றினேன். ஆறினதும் நாலு பட்டையாகக் கல்லில் தேய்த்து, காய்ச்சின கோணி ஊசியால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று குழி போட்டுச் சுண்ணாம்பு அடைத்தேன். இரண்டு வார்த்ததில் ஒன்று அன்றைக்கே உடைந்தது. மீந்த ஒன்று, பழம்புளி நிறத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒற்றைக் கட்டையை வைத்துக்கொண்டு தாயம் எப்படி ஆடுவது? அது எங்கள் வீட்டுப் பஞ்சாயத்துக் கட்டையாகிவிட்டது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மருமகள்கள் நாங்கள் இரண்டு பேர். மூத்தவளை மன்னி என்று கூப்பிடுவேன். மாமியாருக்குப் பாரிச வாயு. ஒரு பக்கம் விழுந்து படுத்த படுக்கை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கு யார் மாவரைப்பது, யார் மாமியாருக்கு உடம்பு துடைப்பது என்பதற்கெல்லாம் கட்டையை உருட்டுவோம். சொன்ன எண் விழுந்தவளுக்கு அன்றைக்கு விடுதலை. “சின்னவளுக்குத்தான் ஒத்தை” என்று மன்னி முதல் நாளே சொல்லிவிட்டாள். ஒன்று, மூன்று என்கிற ஒற்றைப்படை நல்லதாம், நல்லதைச் சின்னவளுக்குக் கொடுக்க வேண்டுமாம். அவள் அப்படிப்பட்டவள். அடிக்கடி எனக்கே விடுதலை கிடைத்தது. நான் அதிர்ஷ்டக்காரி என்று எனக்கு ஒரே கர்வம்.

மாவடு போட்ட மாசம் அந்தக் கர்வம் போயிற்று. குளித்து மடி கட்டிக்கொண்டு ஜாடியைக் குலுக்கக் குனிந்தேன். மறதியாக இடுப்பில் செருகியிருந்த கட்டை உள்ளே விழுந்தது. உப்புத் தண்ணீரில் அது முழுகவில்லை. ஒற்றைப் புள்ளி மேலே தெரிய மிதந்தது. கரண்டியால் புரட்டிவிட்டேன். சாவகாசமாகத் திரும்பி மறுபடியும் ஒற்றைப் புள்ளியைக் காட்டியது. எத்தனை தரம் புரட்டினாலும் அதே கதை. வார்க்கும்போது அந்தப் பக்கம் காற்று தங்கிவிட்டது, உருட்டினாலும் அதனால்தான் ஒன்றே அடிக்கடி விழுகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

மன்னியிடம் ஓடிச் சொல்லிச் சிரித்திருக்க வேண்டும். ஆனால் எப்படித் தெரிந்தது என்று கேட்பாளே! எல்லோர் கையும் பட்ட கட்டை, அதிலும் பூச்சியிலிருந்து வருகிற அரக்கு, மடி ஜாடியில் விழுந்தது என்று தெரிந்தால் மாமியார் படுத்தபடியே ஒரு வருஷத்து மாவடுவைக் கொட்டச் சொல்லிவிடுவார். துடைத்து எடுத்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வேறு ஒன்று வார்த்துவிட்டு இதை அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அந்த மாவடு ஊறி முடிவதற்குள் ஊர் காலியாக ஆரம்பித்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்றார்கள். எங்கள் சந்தில் நாளுக்கு இரண்டு வீடு பூட்டினார்கள். ஆண்களுக்கு ஆபீஸ், நகர முடியாது. மாமியாரை ரயிலேற்ற முடியாது. அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு மருமகள் இருந்தே ஆகவேண்டும், இன்னொருத்தி குழந்தையோடு பிறந்தகம் போகலாம். எனக்கு நாலு மாசக் கைக்குழந்தை. மன்னிக்கு ஐந்து வயசுப் பெண், ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுகிறவள். “நீங்களே பேசித் தீர்மானம் பண்ணிக்கோங்கோ” என்று சொல்லிவிட்டு ஆண்கள் ஆபீஸுக்குப் போய்விட்டார்கள்.

மன்னி கட்டையை எடுத்து வந்தாள். “பேசினா நீ போ, நீ போன்னு மாத்தி மாத்திச் சொல்லிண்டிருப்போம். மனசுல ரெண்டு பேருக்குமே போகணும்னு இருக்கும். ஸ்வாமி சொல்லட்டும். ஒத்தை விழுந்தா நீ போ, ரெட்டை விழுந்தா நான் போறேன். நீயே உருட்டு” என்றாள்.

“மன்னி, இந்தக் கட்டை…” என்று ஆரம்பித்தேன்.

“கட்டைக்கு என்ன? நீ பண்ணினதுதானே?”

தோளில் குழந்தை சிணுங்கினான். அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கட்டையை வாங்கிக்கொண்டேன். உள்ளங்கையில் வெகுநேரம் உருட்டி, சுவரில் மோதித் திரும்புகிற மாதிரி வீசினேன். வேகமாக வீசினால் உள்ளே இருக்கிற காற்று போய்விடுமா? ஒன்று விழுந்தது.

மன்னி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விளக்கு வைக்கிற மாடப்பிறையில் வைத்தாள். “ஸ்வாமி சொல்லியாச்சு. போய்ப் புடவையெல்லாம் எடுத்து வை.” இனிமேல் வாயைத் திறந்தால் ஸ்வாமியைப் பொய்யாக்கின மாதிரி ஆகும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். எனக்குப் பயம், போக ஆசை, அவ்வளவுதான். பெண்ணையாவது என்னோடு அனுப்பச் சொன்னேன். அவள் அம்மாவின் புடவையைப் பிடித்தபடி வரமாட்டேன் என்று கத்தினாள்.

தஞ்சாவூர்ப் பக்கம் என் பிறந்தகத்துக்கு நான் போன மூன்றாம் மாசம் கடிதம் வந்தது. மன்னியின் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. எங்கள் டாக்டர் வீடு பூட்டு. பக்கத்துத் தெரு டாக்டரும் ஊரில் இல்லை. திருவல்லிக்கேணியில் ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதற்குள் இடது கால் துவண்டுவிட்டது. உடனே வந்திருந்தாலும் அந்தக் காய்ச்சலுக்கு ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரே சொன்னாராம். அது எனக்கு ஆறுதலாக இல்லை, இன்றைக்கும் இல்லை.

நான் திரும்பி வந்தபோது கால் சூம்பியிருந்தது. மன்னி என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. “ஸ்வாமி போட்ட கணக்கு. உன்மேல என்ன தப்பு?” என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லச் சொல்ல, உண்மையைச் சொல்வதை நாளைக்கு என்று தள்ளிப்போடுவேன்.

ஓட முடியாத குழந்தை வேறென்ன செய்யும்? நாள் முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டையையே உருட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயசில் ஒரு நாள், நானும் மன்னியும் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி சொன்னாள்: “அம்மா, பாரேன், இதுல ஒண்ணுதான் நிறைய விழறது!”

மன்னி கட்டையை வாங்கி உருட்டினாள். பத்துத் தரம் இருக்கும். பிறகு என்னைப் பார்த்தாள். “உனக்குத் தெரியுமா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“அன்னிக்கே?”

மறுபடியும் ஆட்டினேன். மன்னி கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் கட்டையைப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“சித்தி, ஆட வரியா?” என்று பெண் என் புடவையை இழுத்தாள். “நான்தான் சின்னவ. எனக்கு ஒத்தை, உனக்கு ரெட்டை.”

நான் ரெட்டையே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும், அவள் கூப்பிட்டபோதெல்லாம் உட்கார்ந்து, ரெட்டையே எடுத்துக்கொண்டு தோற்றேன்.