கிடா சொன்ன சம்மதம்

மலர்கொடி அக்காவை இளகிய மனசுக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், கோழியை அவளைப்போல் சட்டென்று அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கித் தர இன்னொரு ஆள் கிடையாது. அவள் வைக்கும் குடல் குழம்புக்காகவே அழைக்காத விருந்தாளிகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் அவளுக்கு ஓரகத்தி, பேர் ஜெயசித்ரா. அவள் வீட்டுக்காரர் கண்ணையன் மூத்தவர், என் வீட்டுக்காரர் இளையவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு யாரும் உத்தரவு கொடுக்க வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு அவள் அப்பா சீர் சாமானோடு ஒரு பெட்டை ஆட்டையும் வேனில் ஏற்றி அனுப்பினார். பீரோவைப் பார்த்த மாமியார் ஆட்டைப் பார்த்து முகம் சுளித்தார். பீரோவின் கதவு அடுத்த வருஷமே கழன்றது. ஆடு மட்டும் பெருகிக்கொண்டே போனது. முந்திரிக்காட்டில் மேய்த்து, மடக்கி வந்து கொட்டகையில் கட்டி, கிடாக்களை வியாபாரியிடம் தள்ளிவிடுவாள். வியாபாரி ஆட்டைத் தூக்கி டாட்டா ஏஸில் போடும்போது அது கத்தும். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஆடு வளர்ப்பது அழகு பார்க்கவா என்று கேட்பாள். 

அப்படிப்பட்டவளை ஒரு கறுப்புக் கிடா வந்து கவிழ்த்துவிட்டது.

அவள் ஒரே மகன் பூவரசன் ஜெயங்கொண்டம் ரோட்டில் பைக்கோடு விழுந்து, தலையில் அடிபட்டு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். அக்கா வராந்தாவில் உட்கார்ந்து முந்தானை ஓரத்தைக் கிழித்து, மஞ்சள் தடவி, அதில் ஒரு காசை முடிந்தாள். எங்கள் குலசாமி வீரனாருக்கு உயிருக்கு உயிர் தருவதாக வேண்டிக்கொண்டாள். பிறகு எனக்குப் போன் போட்டாள். அழுகை இல்லை. கணக்குத் தீர்ப்பவள் குரல் மாதிரி இருந்தது.

"சித்ரா, கறுப்பி குட்டி போட்டிருக்குல்ல, அதுல கெடாக்குட்டிய வீரனாருக்கு வுட்டாச்சுன்னு அது காதுல சொல்லிடு."

நான் கொட்டகைக்குப் போய், இன்னும் ஈரம் காயாத அந்தக் குட்டியின் காதில் அப்படியே சொன்னேன். சாமிக்கு விட்டதற்கு அடையாளமாகக் காது நுனியை நறுக்கிவிடுவது எங்கள் பங்காளிகளின் வழக்கம். என் வீட்டுக்காரர் நறுக்கினார். குட்டி ஒரு தடவை கத்திவிட்டுத் தாய் மடிக்குப் போய்விட்டது. பூவரசன் மூன்றாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டான். டாக்டர் மருந்து வேலை செய்தது என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரையா வீரனாரையா என்பது அவளுக்கே வெளிச்சம்.

அடுத்த ஆடியில் வெட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எங்கள் பங்காளிகள் சாமானியப்பட்டவர்களா? பூசையில் வெட்டும் முதல் கிடாவின் தலை எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில் சண்டை வந்தது. ஓர் ஆட்டுத் தலைக்காக இத்தனை மனிதத் தலைகள் முட்டிக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கோயிலுக்குப் பூட்டுப் போட்டார்கள். ஓர் ஆடி போயிற்று, இன்னோர் ஆடியும் போயிற்று. நேர்ந்துவிட்ட கிடாவை விற்கவும் முடியாது, வேறெங்கும் வெட்டவும் முடியாது. அக்கா வளர்த்த ஆடுகளில் இத்தனை காலம் அவளோடு தங்கிய கிடா அது ஒன்றுதான்.

சாமிக் கிடாவுக்குப் பேர் வைப்பதில்லை. ஆனால் கூப்பிட ஏதாவது வேண்டுமே, "சாமி" என்றே கூப்பிட்டாள். சாமிக்கு ஊரில் இருந்த மரியாதை பஞ்சாயத்துத் தலைவருக்குக்கூட இல்லை. யார் கொல்லையில் புகுந்து எதைத் தின்றாலும் யாரும் கம்பை ஓங்க மாட்டார்கள். என் கீரைப்பாத்தியை அது மொட்டையடித்தபோது நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நறுக்கிய அந்தக் காது மட்டும் சரியாக ஆறவே இல்லை. மழைக்காலம் வந்தால் புண்ணாகி ஈ மொய்க்கும். அக்கா தினமும் சாயங்காலம் உட்கார்ந்து, அதன் தலையை முழங்காலில் சாய்த்துக்கொண்டு, காதுக்குப் பின்னால் வேப்பெண்ணெய் தடவுவாள். விரல் பட்டதும் கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பும். அவள் முகமெல்லாம் எண்ணெய் தெறிக்கும். "சனியனே" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்கும்போதே எனக்குச் சரியாகப் படவில்லை. வெட்டப்போகிற ஆட்டிடம் இப்படிச் சிரிக்கக் கூடாது என்று தோன்றியது.

போன சித்திரையில் பங்காளிகள் ராசியானார்கள். ஆடியில் பூசை என்று முடிவானது. அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

பூவரசன்தான் முதலில் வாய் திறந்தான். இப்போது அவன் அரியலூரில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறான். நான் பிழைத்ததற்கு இன்னொன்றை ஏன் கொல்ல வேண்டும், அதன் உயிரும் உயிர்தானே, வெண்பொங்கல் வைத்துக் கும்பிட்டால் வீரனார் வேண்டாமென்றா சொல்வார் என்று கேட்டான். நல்ல பேச்சுதான். ஆனால் அதைப் பேசும்போது அவன் முன்னால் பொட்டலம் பிரித்த சிக்கன் பிரியாணி இருந்தது. அக்கா அவனையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தக் கோழிக்கிட்ட யாருடா கேட்டா? வீரனாராச்சும் கேட்டுத்தான் வெட்டுவாரு. கெடா வேணாம்னா வேணாந்தான்."

அவள் சொன்னது எங்கள் கோயில் முறை. கிடாவுக்கு மாலை போட்டு, சாமி முன் நிறுத்தி, மஞ்சள் தண்ணீரை அதன் முதுகிலும் தலையிலும் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சம்மதம் சொல்லிவிட்டது என்று அர்த்தம். சிலுப்பும்வரை அரிவாளை ஓங்கக் கூடாது. கடைசிவரை சிலுப்பாவிட்டால் வெட்டாமல் விட்டுவிட வேண்டும். நான் கண்டவரை எல்லாக் கிடாவும் சிலுப்பியிருக்கிறது. ஆனால் அக்கா பூசாரி வீட்டுக்குப் போய் விசாரித்திருக்கிறாள். அவர் சின்ன வயதில் ஒரு கிடா சிலுப்பவே இல்லை என்றும், அதை விட்டுவிட்டார்கள் என்றும், கிழடு தட்டிச் செத்தது என்றும் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு கிடாவைப் பிடித்துக்கொண்டாள் அக்கா. ஆடி வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு நடமாடினாள். வாக்கை மீறவும் வேண்டாம், கிடாவும் போகாது. வீரனாரே பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பழி இல்லை. எனக்கும் அப்படி நடந்துவிட்டால் தேவலை என்றுதான் இருந்தது. கீரைப்பாத்தி போனால் போகட்டும்.

பூசை அன்று காலையில் கோயிலைச் சுற்றி ஒரே கூட்டம். அடுப்புகள் பற்ற வைத்தாயிற்று, மசாலா அரைத்தாயிற்று. கிடா கயிறு இல்லாமலே அக்காவின் பின்னால் நடந்து வந்தது. அதைப் பார்த்து, தானே வருது பார் என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை.

பூசாரி தண்ணீரைத் தெளித்தார். கிடா அசையவில்லை. மறுபடி தெளித்தார். மாலையிலிருந்த ஒரு இலையைக் கடித்து மென்றது, அவ்வளவுதான். கண்ணையன் மாமா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கற்பூரம் காட்டி, குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள் என்று பூசாரி கெஞ்சினார். கிடா நின்றது நின்றபடி இருந்தது. நான் அக்காவின் பக்கத்தில் நின்றேன். அவள் கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். சிலுப்பாதே, சிலுப்பாதே என்று சொல்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

பங்காளி தமிழழகன், காதுக்குள் தண்ணீரை ஊற்றினால் தன்னால் சிலுப்பும் என்றான். பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. அது சம்மதம் கேட்பதில்லை, கழுத்தைப் பிடித்து வாங்குவது என்று அவனை ஓரமாகப் போகச் சொன்னார். அந்த மனுஷனை அன்றைக்கு எனக்குப் பிடித்தது. கூட்டம் சலசலக்க ஆரம்பித்தது. உலை கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து என் சின்ன மாமியார் தனம் பூவரசனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சாமி ஏத்துக்கலடா தம்பி. கொஞ்ச நாளைக்கு நீ வண்டி எடுக்காத."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அக்கா கண் திறந்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை. மகனைப் பார்த்தாள், கிடாவைப் பார்த்தாள். வேண்டாமென்று கிடா சொன்னால் அது பிழைக்கும் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தாள். வீரனார் வேண்டாமென்று சொல்வதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாவி மகளுக்கு இரண்டு பக்கமும் வழி அடைத்துவிட்டது.

கிடாவுக்குக் கூட்டம் சலித்துப் போயிருக்க வேண்டும். மாலையோடு மெதுவாக நடந்து அக்காவிடம் வந்தது. வந்து, தினமும் சாயங்காலம் செய்வதுபோல் அவள் முழங்காலில் தலையைச் சாய்த்தது. நறுக்கிய காதிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தைத் துடைக்க அக்காவின் கை போனது. காதுக்குப் பின்னால் விரல் பட்டது.

கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் சிலுப்பியது.

குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. யாரோ கிடாவைப் பின்னுக்கு இழுத்தார்கள். இல்லை, நான்தான் தொட்டேன் என்று அக்கா சொன்னாள். எனக்குக் கேட்டது. என்னைத் தாண்டி யாருக்கும் கேட்கவில்லை. நான் உரக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பயம் திரும்ப அவள் முகத்துக்கு வரும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் முகத்தில் தெறித்த மஞ்சள் தண்ணீர்கூட இன்னும் காயவில்லை.

நேர்ந்தவள் முதலில் ஈரலைத் தின்ன வேண்டும் என்பது வழக்கம். இலையில் வைத்தார்கள். தின்றாள். மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, எழுந்துபோய் வந்தவர்களுக்குப் பரிமாறினாள். பூவரசனும் தின்றான், நானும் தின்றேன். கறி ருசியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள். மாவு அரைக்கும்போது கேட்பாள், துணி காயப்போடும்போது கேட்பாள்.

"நான் ஈரத்த தொடைக்கத்தான் கைய நீட்டுனேனா சித்ரா? இல்ல புள்ளைக்குப் பயந்துகிட்டு, சிலுப்பட்டும்னு தொட்டேனா?"

தொடைக்கத்தான் அக்கா என்பேன். ஒனக்கு எப்படித் தெரியும் என்பாள். எனக்கு எப்படித் தெரியும்? அவள் கைக்கே தெரியாதது எனக்குத் தெரியுமா? பூவரசன், இனி நம் வீட்டில் கறியே வேண்டாம் என்று புரட்டாசி முழுக்க விரதம் இருந்தான். ஐப்பசி பிறந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஜெயங்கொண்டம் போய்ப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு வந்தான்.  அக்காவும் ஆட்டை விற்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எதை வைத்துப் பிழைப்பது? ஆனால் வியாபாரி வந்தால் இப்போது என்னைக் கூப்பிட்டு ஓட்டிவிடச் சொல்கிறாள். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

ஐப்பசி மழை ஒரு மத்தியானம் திடீரென்று பிடித்துக்கொண்டது. முந்திரிக்காட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தெப்பலாக நனைந்து ஓடிவந்து கொட்டகைக்குள் புகுந்தன. படலைச் சாத்த அக்கா போனாள், பின்னாலேயே சாக்கை எடுத்துக்கொண்டு நான் போனேன். உள்ளே நுழைந்த கறுப்பி உடம்பைச் சிலுப்பியது. அதைப் பார்த்து அடுத்தது, அதற்கடுத்தது. பெரியதும் சின்னதும், பிறந்து நாலு நாளான குட்டியும்கூட ஒன்று மாற்றி ஒன்று சிலுப்பின. தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது.

அக்கா படலைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். பிறகு கைகூப்புவதுபோல் இரண்டு கையையும் தூக்கி அவற்றைத் தடுத்தாள்.

"சும்மா இருங்கடி... ஒங்கள யாருடி இப்ப கேட்டா?"

மழை நிற்கவில்லை. ஆடுகள் சிலுப்பிக்கொண்டே இருந்தன.